எங்கே கணக்குப் பார்க்க வேண்டும், எங்கே விட்டுவிடலாம்: அறிவியல் புனைவுத் திரைக்கதையைச் சோதிக்கும் முறை

தியேட்டர் வாசலில் ஒருவர் "லாஜிக்கே இல்லப்பா" என்று அலுத்துக்கொண்டால், அவர் இயற்பியலைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்துவிட வேண்டாம். இன்டர்வெல்லுக்கு முன்பு முடியவே முடியாது என்று காட்டிய ஒன்றைக் கிளைமாக்ஸில் நாயகன் ஒரு பட்டனைத் தட்டி முடித்துவிட்டான். எரிச்சல் அதனால் வந்தது. ஒளியைவிட வேகமாகப் பறக்கும் கலத்தை அதே ஆள் பாப்கார்ன் கொறித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டிருப்பார். அதனால் 'அறிவியல் சரியாக இருக்க வேண்டுமா' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. சீன் சீனாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் முறையைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம். கணக்கைக் கண்டு பயப்படாத உதவி இயக்குநர் ஒருவர் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம்.

சீன் ஆர்டர் முடிந்து வசனம் எழுதத் தொடங்குமுன் இதைச் செய்துவிடுங்கள். செட் வரைந்து, சி.ஜி. (கணினி வரைகலை) கம்பெனி பிரீவிஸ், அதாவது காட்சியின் கணினி முன்மாதிரி, போட்ட பிறகு தவறு கண்ணில் பட்டால் யாரும் திருத்த மாட்டார்கள். "பார்க்கிறவனுக்குத் தெரியவா போகுது?" என்று ஒரு குரல் வரும், அதோடு சரி. தேவையானவை: சீன் ஆர்டரின் ஒரு பிரதி, மூன்று நிறப் பேனா, போனில் இருக்கும் கால்குலேட்டர், பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகம். அதற்கு மேல் போகும் கணக்கு பத்தில் ஒரு கதைக்குக்கூட வராது.

மூன்று நிறம்

ஒவ்வொரு சீனிலும் அறிவியல் சம்பந்தமாக எது வந்தாலும் அடிக்கோடு போடுங்கள். கலம் பறப்பது, ஹெல்மெட் உடைவது, ரோபோ கதவைப் பிய்ப்பது, "இன்னும் நான்கு நிமிடத்தில் மோதும்" என்ற வசனம் என்று எல்லாமே கணக்கில் சேரும். பிறகு நிறம் பிரியுங்கள்.

பச்சை, கதையின் தொடக்கப் பொய்க்கு. காலப்பயணக் கருவி, வேற்றுக்கிரகவாசி, உணர்ச்சி வந்துவிட்ட இயந்திரம், இப்படி ஏதாவது ஒன்று. அது இல்லாவிட்டால் படமே கிடையாது. அதற்கு ஆதாரம் கேட்க வேண்டாம்.

சிவப்பு, தூண்களுக்கு. தூணைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: இதை உருவிவிட்டால் அடுத்த சீன் நடக்குமா? நடக்காது என்றால் அது தூண். ஒருவர் சாவதும் பிழைப்பதும் எதைப் பொறுத்திருக்கிறதோ அது கட்டாயம் சிவப்பு.

நீலம், அலங்காரத்துக்கு. விண்வெளியில் இன்ஜின் சத்தம், லேசர் கதிர் பளிச்சென்று கோடாகத் தெரிவது, கட்டுப்பாட்டு அறையில் அர்த்தமில்லாமல் மின்னும் விளக்குகள்.

பச்சை ஒன்றுக்கு மேல் வந்தால் கதையை மறுபடி பாருங்கள். காலப்பயணமும் உண்டு, மனசைப் படிக்கும் கருவியும் உண்டு, வேற்றுக்கிரகவாசியும் உண்டு என்றால், எந்தச் சிக்கல் வந்தாலும் ஏதோ ஒன்று வந்து காப்பாற்றிவிடும் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துபோகும். அதற்குப் பிறகு அவர் யாருக்காகவும் பதறமாட்டார்.

பொய் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சிக்கலைத் தொடங்கிவைக்கும் பொய்யை மன்னிப்பார்கள். சிக்கலைத் தீர்த்துவைக்கும் பொய்யை மன்னிக்க மாட்டார்கள். 2015-ல் வந்த 'தி மார்ஷியன்' படத்தில் செவ்வாயின் புயல்தான் நாயகனைத் தனியே விட்டுவிடுகிறது. அந்தப் புயலுக்கு அந்த வலு கிடையாது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் 1 சதவீதத்துக்கும் குறைவு. காற்று அவ்வளவு மெலிந்திருப்பதால், மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வீசினாலும் உடம்பில் படும் விசை இங்கே 20 கி.மீ. காற்று தருவதுதான். கொடியில் காயும் வேட்டி ஆடும், ராக்கெட் சாயாது. மூலக்கதை எழுதிய ஆண்டி வியர் இது தெரிந்தே செய்த மீறல் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். படம் கெட்டுப்போகவில்லை, காரணம் அந்தப் பொய் நாயகனுக்குக் கெடுதல்தான் செய்தது. அதன்பின் அவன் தப்பிக்க எடுக்கும் ஒவ்வொரு அடியும், உருளைக்கிழங்கு, தண்ணீர், பயண நாள் எல்லாம், கணக்குப் பார்த்து வைத்தவை.

பச்சைக்கு ஒரு விதித்தாள்

தொடக்கப் பொய்க்கு ஆதாரம் வேண்டாம் என்றோம். விதி வேண்டும். ஒரே பக்கத்தில் ஐந்து வரி எழுதுங்கள்: அதனால் என்ன முடியும், என்ன முடியாது, ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் என்ன விலை, அது யார் யாருக்குத் தெரியும், பார்ப்பவருக்கு எந்த சீனில் தெரிகிறது. கடைசி வரியில் இன்டர்வெல்லுக்குப் பிந்திய எண் வந்தால் அந்த விதி பிந்திவிட்டது. படத்தின் முதல் கால் பகுதிக்குள் கொண்டுவாருங்கள்.

விலையை எண்ணாக எழுதினால் இன்னும் நல்லது. 2014-ல் வந்த 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் ஒரு கிரகத்தில் 1 மணி நேரம் என்பது பூமியில் 7 ஆண்டு. இயக்குநர் கேட்ட எண் அது. இயற்பியலாளர் கிப் தோர்ன் முதலில் இது நடக்காது என்றுதான் நினைத்தார். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்ததில், கருந்துளை தன் உச்ச வேகத்துக்கு மிக மிக அருகில் சுழன்றால் இடமிருக்கிறது என்று கண்டார். அது திரையில் வரவே இல்லை. திரையில் வந்தது விலை மட்டும்: கீழே இறங்கி ஏறியதில் 23 ஆண்டு போய்விட்டது. 23-ஐ 7-ஆல் வகுத்தால் 3 மணி நேரத்துக்குச் சற்று மேல். கீழே நடந்தவை எல்லாம் அந்த நேரத்துக்குள் அடங்குகின்றன. உங்கள் விதித்தாளிலும் இப்படி ஒரு வகுத்தல் கணக்கு போட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் விலை இன்னும் தெளிவாகவில்லை.

சிவப்பைச் சோதிப்பது

ஒவ்வொரு சிவப்புக் கோட்டிலும் மூன்று கேள்வி: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எவ்வளவு ஆற்றல். மூன்றில் ஒன்றாவது வசனத்திலோ காட்சியிலோ ஒளிந்திருக்கும். அதிலிருந்து மற்ற இரண்டையும் கணக்கிடலாம். அடிக்கடி வரும் சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

முடுக்கம். "பத்தே வினாடியில் வினாடிக்கு 100 கி.மீ. வேகம்" என்று விமானி சொல்கிறார். 1,00,000 மீட்டரை 10-ஆல் வகுத்தால் 10,000. அதை 9.8-ஆல் வகுத்தால் ஆயிரத்துச் சொச்சம் ஜி (1 ஜி என்பது பூமியின் ஈர்ப்பு தரும் முடுக்கம்). ராக்கெட்டில் ஏறுபவர்கள் தாங்குவது 3, 4 ஜி. போர் விமானிகள் சிறப்பு உடையோடு 9 ஜி-யைச் சில வினாடி சமாளிப்பார்கள். ஆயிரம் ஜி-யில் நாயகன் சீட்டில் பூசிய களிம்பாக இருப்பார். எண்ணை மாற்றுங்கள், அல்லது எண்ணே சொல்லாதீர்கள். நிறுத்துவதும் இதே கணக்குதான். விண்வெளியில் உராய்வு கிடையாது. பாதி வழியில் கலத்தைத் திருப்பி, வந்த வேகத்தைக் கொல்ல மறுபடியும் எரிபொருள் செலவழிக்க வேண்டும். திரைக்கதைகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்த இரண்டாம் பாதிதான்.

சுற்றுப்பாதை. 'அங்கே தெரிகிறதே, அந்த நிலையத்துக்குத் தாவிவிடலாம்' என்ற நினைப்பு பெரிய குழி. 2013-ல் வந்த 'கிராவிட்டி' படத்தில் ஹப்பிள் தொலைநோக்கியிலிருந்து பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு முதுகில் கட்டிய உந்துகருவியோடு போகிறார்கள். ஹப்பிள் நிலநடுக்கோட்டுக்கு 28.5 டிகிரி சாய்வில் சுற்றுகிறது, நிலையம் 51.6 டிகிரியில். உயர வித்தியாசத்தை விட்டுவிட்டாலும், பாதையின் சாய்வை மாற்ற மட்டுமே வினாடிக்கு 3 கி.மீ. வேகமாற்றம் வேண்டும். 1984-ல் நாசா பயன்படுத்திய உந்துநாற்காலி தந்தது மொத்தமே வினாடிக்கு சுமார் 24 மீட்டர். நூறு மடங்குக்கும் மேல் பற்றாக்குறை. இதைத் தவிர்க்க ஒரு வரி போதும்: இரண்டு கலமும் ஒரே பாதையில் இருப்பதாக எழுதிவிடுங்கள். ஒரே பாதையில் முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் கொஞ்சம் பிரேக் போட வேண்டும் என்பதும் நல்ல காட்சிப் பொருள். வேகம் குறைந்தால் கலம் தாழ்வான பாதைக்கு இறங்கும், தாழ்வான பாதையில் சுற்று சீக்கிரம் முடியும், அதனால் முந்திவிடலாம். புதிதாக வந்த விமானி ஆக்ஸிலரேட்டரை அமுக்கி இன்னும் பின்தங்குவது வசனமே இல்லாத ஒரு பாடம்.

அதே படத்தில் இன்னொரு தவறு, அளவில் சிறியது, ஆனால் கூடுதலாக உறுத்துவது. கயிற்றில் தொங்கும் இருவரில் ஒருவர், தன் கனம் மற்றவரையும் இழுத்துவிடும் என்று கொக்கியைக் கழற்றிக்கொள்கிறார். ஆனால் கயிறு இறுகி இருவரும் நின்றுவிட்டதாகத்தான் திரையில் தெரிகிறது. நின்றுவிட்டால் அவரை வெளியே இழுக்க ஒரு விசையும் இல்லை. லேசாக ஒரு சுண்டு சுண்டினால் மிதந்து வந்துவிடுவார். சாய்வுக் கணக்கு தெரிந்தவர் நூற்றில் ஒருவர்கூட இருக்கமாட்டார், அதை விட்டுவிடலாம். இங்கே ஒரு உயிரே அந்தக் கயிற்றில் தொங்குகிறது. நிலையம் மெதுவாகச் சுழல்வதாகக் காட்டியிருந்தால், ராட்டினத்தில் போல வெளிப்பக்கம் ஒரு இழுப்பு வந்திருக்கும், சாவுக்கும் நியாயம் வந்திருக்கும்.

வெற்றிடம். ஹெல்மெட் உடைந்தால் தலை வெடிக்காது, ஆள் உடனே பனிக்கட்டியாகவும் மாட்டார். வெற்றிடத்தில் வெப்பத்தைக் கடத்திச் செல்லக் காற்று இல்லை, அதனால் குளிர்வதற்கு நேரமாகும். நினைவு இருக்கப்போவது 10 முதல் 15 வினாடி. 1966-ல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் சோதனையில் இருந்தவரின் உடைக்குழாய் கழன்றது. 14 வினாடி அளவில் மயங்கினார். நாக்கில் எச்சில் கொதித்ததுதான் கடைசி ஞாபகம். உடனே காற்றை நிரப்பினார்கள், பிழைத்துவிட்டார். ஒன்றரை நிமிடத்துக்குள் காற்று கிடைத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. ஆகவே "15 வினாடிக்குள் கதவை மூடு" என்பது முழுக்க நியாயமான சஸ்பென்ஸ். நடிகருக்குச் சொல்ல வேண்டியது: மூச்சைப் பிடிக்கக் கூடாது, வாயைத் திறந்து விட்டுவிட வேண்டும். பிடித்தால் நுரையீரல் கிழியும். நீச்சல் குளத்தில் குதிப்பவர் போலக் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றால் அந்த ஷாட் போச்சு.

சுழலும் நிலையம். செயற்கை ஈர்ப்புக்கு ஒரு குறுக்குவழி: நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதன் வர்க்கத்தால் 900-ஐ வகுத்தால், பூமி அளவு ஈர்ப்புக்கு வேண்டிய ஆரம் மீட்டரில் வரும். நிமிடத்துக்கு 2 சுற்று என்றால் 225 மீட்டர், 4 சுற்று என்றால் 56 மீட்டர். செட் சின்னது என்று 5 மீட்டர் ஆரம் வைத்தால் நிமிடத்துக்கு 13 சுற்றுக்கு மேல் வேண்டும். நிற்பவரின் காலில் முழு எடை, தலையில் மூன்றில் இரண்டு பங்கு. திரும்பிப் பார்த்தாலே வாந்தி வரும். 'சந்திரன் அளவு ஈர்ப்புதான்' என்று ஒரு வரி வைத்தால் ஆரம் ஆறில் ஒன்றாகக் குறையும். ஆர்ட் டைரக்டர் நன்றி சொல்வார்.

பேச்சு. சந்திரனுக்குப் போய்வர ரேடியோ சிக்னலுக்கு 2.6 வினாடி, செவ்வாய்க்கு ஒரு வழிக்கு மட்டும் 3 முதல் 22 நிமிடம். செவ்வாயில் இருப்பவரும் பூமியில் இருப்பவரும் போனில் சண்டை போட முடியாது. இதைத் தடையாகப் பார்க்காதீர்கள். மனைவி அனுப்பிய வீடியோவைக் கணவர் பார்க்கும்போது மனைவியின் மனம் மாறி 20 நிமிடம் ஆகிவிட்டது என்பது எந்த வசனகர்த்தாவுக்கும் கிடைக்காத சீன். கட்டுப்பாட்டு அறையில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக் கலத்தை இறக்கும் காட்சியும் இனிமேல் எடுபடாது. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியதை வீட்டுக்கு வீடு நேரலையில் பார்த்தார்கள். கடைசி 19 நிமிடம் போல லேண்டர் தானே முடிவெடுத்து இறங்கியது, அறையில் இருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு திரையைப் பார்த்தார்கள். அந்தக் கையாலாகாத நிலைதான் அங்கே நாடகம்.

சிறுகோள். இதில்தான் எண்கள் தலைகால் இல்லாமல் பறக்கும். 1998-ல் வந்த 'ஆர்மகெடான்' டெக்சாஸ் மாநில அளவுச் சிறுகோளை ஒரு அணுகுண்டால் பிளந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் பட்டையில் மிகப் பெரியதான சீரீஸே 940 கி.மீ. குறுக்களவுதான். 1,000 கி.மீ. பாறை என்று வைத்துக்கொண்டு, தன் ஈர்ப்பால் மறுபடி ஒட்டிக்கொள்ளாதபடி அதைச் சிதறடிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று பார்த்தால், இதுவரை வெடித்ததிலேயே பெரிதான 1961-ன் சோவியத் குண்டைப் போல சுமார் 90 கோடி குண்டுகள். பயம் வர வேண்டுமென்று கல்லைப் பெரிதாக்குவது வீண் வேலை. டைனோசர்களை ஒழித்ததே 10 கி.மீ. அளவுதான். பட்ஜெட் குறைவென்றால் 20 மீட்டர் போதும். 2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வெடித்தது அந்த அளவுக் கல். வானத்தில் சூரியனைப்போல ஒளி. என்ன வெளிச்சம் என்று மக்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். ஒலி மெதுவாக வருவது, அதிர்வலை வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. வந்தபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் முகங்கள் இருந்தன. சுமார் 1,500 பேருக்குக் காயம். சி.ஜி. செலவு ஒரு ஒளிக்கீற்று, மிச்சமெல்லாம் ஜன்னலும் மௌனமும்.

ரோபோ காரைத் தூக்கும் சீன்: ஒரு கணக்கு முழுதாக

மனித உருவ ரோபோ, எடை 100 கிலோ. 1,200 கிலோ காரை 2 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி எறிகிறது. எல்லோரும் முதலில் கேட்பது 'பேட்டரி தாங்குமா?' கணக்கு: 1,200 × 9.8 × 2, சுமார் 23,500 ஜூல், அதாவது 6.5 வாட்-மணி. சாதாரணமாக ஒரு செல்போன் பேட்டரியில் இருப்பது 19 வாட்-மணி. போன் பேட்டரியின் மூன்றில் ஒரு பங்கு ஆற்றலில் கார் மேலே போய்விடும்! மூன்று வினாடியில் தூக்கினால் 8 கிலோவாட் திறன், அதுவும் எட்டாத எண் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். காருக்குப் பக்கத்தில் நின்று தூக்கினால், காரின் எடை மையம் ரோபோவின் கால் விரலிலிருந்து குறைந்தது 85 செ.மீ. முன்னால் இருக்கும். ரோபோவின் எடை மையமோ விரலுக்கு 20 செ.மீ. பின்னால். ஒரு பக்கம் 1,200 × 0.85 = 1,020, மறுபக்கம் 100 × 0.2 = 20. கார் ஒரு இஞ்சுகூட எழும்பாது, ரோபோதான் குப்புற விழும். பம்பரைப் பிடித்தால் இன்னும் மோசம்: பிளாஸ்டிக், கையோடு வந்துவிடும்.

திருத்தங்கள் மூன்று. ரோபோ காருக்கு அடியில் போய், சேஸிஸைத் தாங்கி, நேர் மேலே தூக்கலாம். அப்போது சமநிலை கெடாது. மொத்தம் 1,300 கிலோ இரண்டு பாதத்தில் இறங்கும், பாதம் இரண்டும் சேர்ந்து 500 சதுர செ.மீ. என்றால் சதுர செ.மீ.க்கு 2.6 கிலோ, தார் ரோடு தாங்கும். அல்லது காரை முழுதாகத் தூக்காமல் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பிப் புரட்டலாம். அல்லது ரோபோ ஒரு கையால் லாம்ப் போஸ்டைப் பிடித்துக்கொள்ளலாம், போஸ்டுக்கு ஆழமான அஸ்திவாரம் இருக்க வேண்டும். மூன்றாவதில் போஸ்ட் வளைவதைக் காட்டினால், காரின் கனம் பார்ப்பவரின் தோளில் இறங்கும். சரியான இயற்பியல் சண்டை மாஸ்டருக்குப் புது மூவ் தரும் இடம் இது.

ராட்சத உருவம் காட்டுபவர்களுக்கு ஒரு பின்குறிப்பு: உயரம் 10 மடங்கானால் எலும்பின் வலு 100 மடங்கு, எடை 1,000 மடங்கு. அதே உடல் விகிதத்தில் பெரிதாக்கினால் முதல் அடியிலேயே கால் முறியும். காலைத் தடிமனாக்குங்கள், அசைவை மெதுவாக்குங்கள். இரண்டும் செய்தால் கண் நம்பிவிடும்.

படப்பிடிப்பில் கவனிக்க வேண்டியவை

சந்திரனிலும் செவ்வாயிலும் பொருள் விழும் வேகம் திரையில் சரியாகத் தெரிய எளிய வழி கேமரா வேகம்தான். சந்திரனின் ஈர்ப்பு ஆறில் ஒன்று. 6-ன் வர்க்கமூலம் 2.45, 24-ஐ அதனால் பெருக்கினால் 59. வினாடிக்கு 59 ஃபிரேமில் எடுத்து 24-ல் ஓட்டினால் கல் சந்திரனில் விழுவதுபோலவே விழும். செவ்வாய்க்கு 39 ஃபிரேம். தவறு எங்கே வரும்? நடிகரின் கையும் தலையும் சேர்ந்து மெதுவாகிவிடும், ஏதோ கனவுப் பாட்டு மாதிரி இருக்கும். கையசைவை இரண்டு மடங்கு வேகமாகச் செய்யச் சொல்லி ஒத்திகை பாருங்கள். தூசி அதைவிடத் தொல்லை. செட்டில் மணல் தூவினால் புகையாகக் காற்றில் நிற்கும். சந்திரனில் காற்றில்லை, ஒவ்வொரு துகளும் எறிந்த கல் போல வளைந்து போய் விழுந்துவிடும். தரையை ஈரமாக வைத்துத் தூசியே எழாமல் எடுத்து, பிறகு சி.ஜி.யில் சேர்ப்பது நல்லது.

எடையின்மையில் அழுகைக் காட்சி வந்தால், நம் படங்களில் வராமலா போகும், கிளிசரின் கன்னத்தில் வழியக் கூடாது. கண்ணீர் விழாது. கண்ணிலேயே குமிழாகத் திரண்டு பரப்பு இழுவிசையால் ஒட்டிக்கொண்டு நிற்கும், பார்வையை மறைக்கும், எரியும், கையால் துடைத்தால் கைக்கு வந்து ஒட்டும். அழுதால் பார்வை மறைந்துவிடும் விமானி என்பது நடிக்கத் தெரிந்தவருக்குக் கிடைத்த லட்டு. ரோப்பில் தொங்கும் நடிகரின் முடி, சங்கிலி, ஹெட்செட் வயர் எல்லாம் கீழ்நோக்கித் தொங்குவதுதான் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். முடியை இறுக்கிக் கட்டுங்கள், சங்கிலியை உடைக்குள் விடுங்கள்.

பூமியைச் சுற்றும் கலத்தில் ஒரு சுற்றுக்கு 90 நிமிடம் என்பதையும் ஒளிப்பதிவாளரிடம் சொல்லிவிடுங்கள். சுமார் 45 நிமிடத்துக்கு ஒருமுறை பகல் இரவு மாறும். ஒன்றரை மணி நேரக் கதைச் சம்பவம் முழுக்க ஒரே பகல் வெளிச்சத்தில் நடந்தால் கன்டினியூட்டி தவறு.

நீலக் கோடுகளில் நேரத்தை வீணாக்க வேண்டாம். விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்காது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், தெரிந்தே ரசிக்கிறார்கள். ஆனால் மௌனமும் ஒரு கருவி. 1968-ன் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' வெளியே மூச்சுச் சத்தத்தை மட்டும் வைத்து நடுங்க வைத்தது. நடுவழியும் உண்டு: கை எதைத் தொடுகிறதோ அதன் அதிர்வு மட்டும் உடை வழியாக மங்கலாகக் கேட்கட்டும். 'கிராவிட்டி' அப்படித்தான் செய்தது. எதை எடுத்தாலும் படம் முழுக்க அதே விதி. ஒரு வெடிப்பு மௌனம், அடுத்தது டமார் என்றால் நீலம் சிவப்பாகிவிடும்.

வசனத்தில் வழுக்கும் சொற்கள்

டப்பிங்குக்கு முன் இவற்றைத் தேடிப் பாருங்கள். ஒளியாண்டு என்பது தூரம், 9.46 லட்சம் கோடி கி.மீ. "பல ஒளியாண்டுகளாகக் காத்திருக்கிறேன்" என்று வேற்றுக்கிரக ராணி சொன்னால், கேலிப்படம் தயார் செய்ய ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். சிறுகோள், விண்கல், வால்நட்சத்திரம் மூன்றும் வேறு வேறு. சூரியக் குடும்பம், பால்வெளி, பிரபஞ்சம் மூன்றையும் குழப்பினால் பக்கத்துத் தெருவையும் பக்கத்துக் கண்டத்தையும் குழப்பியது போல. வினாடிக்கு 17 கி.மீ. வேகத்தில் போகும் வாயேஜர்-1 விண்கலம் அதே வேகத்தில் அடுத்த நட்சத்திரத் தூரத்தைக் கடக்க 75,000 ஆண்டு ஆகும். "அடுத்த நட்சத்திரத்துக்கு ஒரு வாரம்" என்றால் அது பச்சைப் பட்டியலில் இருக்க வேண்டும். "இங்கே ஈர்ப்பு விசை இல்லை" என்பதையும் மாற்றுங்கள். 400 கி.மீ. உயரத்தில் பூமியின் ஈர்ப்பு 88 சதவீதம் அப்படியே இருக்கிறது. கலமும் ஆளும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால்தான் எடை தெரிவதில்லை. "இங்கே எடை தெரியாது" என்றால் உதட்டசைவுக்கும் பெரிய பாதிப்பில்லை. மூளையில் 10 சதவீதம்தான் பயன்படுகிறது என்ற வசனத்தை அடித்துவிடுங்கள், பதிலுக்கு எதுவும் எழுத வேண்டாம்.

விளக்க வசனத்தில் நம்மவர்கள் கை தாராளம். இரண்டு விஞ்ஞானிகள் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஒருவருக்கொருவர் நான்கு நிமிடம் சொல்லிக்கொள்வார்கள். அந்தச் சீனில் அறிவியல் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஜனம் டீ குடிக்க எழுந்துவிடும். தெரியாத ஒருவர், அதுவும் அவசரத்தில், கேட்டால் மட்டும் விளக்கம் வரட்டும். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போனால் ஒரு செயலாக மாற்றுங்கள்.

ஆலோசகரை எப்போது, எப்படிக் கேட்பது

சிவப்புக் கோடுகளில் உங்கள் கணக்குக்கு அடங்காதவை மூன்று நான்கு மிஞ்சும். அவற்றோடு மட்டும் போங்கள், முழு ஸ்கிரிப்டையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அமெரிக்காவில் தேசிய அறிவியல் கழகம் 2008-ல் திரைத்துறையையும் விஞ்ஞானிகளையும் இணைக்கவே ஒரு அமைப்பைத் தொடங்கியது. இங்கே அருகில் இருக்கும் கல்லூரியின் இயற்பியல் அல்லது உயிரியல் துறைதான் முதல் வாசல்.

"இது முடியுமா சார்?" என்று கேட்டால் "முடியாது" என்று பதில் வரும், அதோடு டீயும் ஆறிவிடும். "இது நடக்க வேண்டுமென்றால் எதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். கிப் தோர்னின் கருந்துளை அப்படிக் கிடைத்ததுதான். 'இன்டர்ஸ்டெல்லார்' படத்துக்கு அவர் வைத்த நிபந்தனை இரண்டு: உறுதியாக நிறுவப்பட்ட விதி எதுவும் மீறப்படக் கூடாது, ஊகம் செய்தால் அது அறிவியலிலிருந்து கிளைத்ததாக இருக்க வேண்டும், எழுதுபவரின் இஷ்டத்துக்கு முளைத்ததாக இருக்கக் கூடாது. ஆலோசகர் தரும் திருத்தம் கதையை உடைத்தால், அந்தக் காட்சியில் உங்களுக்கு எந்த உணர்ச்சி வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். "இருவரில் ஒருவர் மட்டும் திரும்ப வேண்டும்" என்றால், அதற்கு உண்மையான வழி நாலு அவரிடம் இருக்கும். பணம், டைட்டிலில் பெயர் இரண்டையும் முதல் சந்திப்பிலேயே பேசி முடியுங்கள்.

எல்லாம் முடிந்தபின், கதை தெரியாத ஒரு பிளஸ் டூ அறிவியல் பிரிவு மாணவரிடம் சீன் ஆர்டரைக் கொடுத்து, "எங்கே சிரிப்பு வந்தது?" என்று கேளுங்கள். அவர் விரல் வைக்கும் சீன் எண்ணை விதித்தாளின் பின்பக்கம் எழுதிவைத்து, எடிட்டிங் டேபிளில் முதலில் அந்த ரீலைப் பாருங்கள்.